டர்பனில் 12 வயதுப் பையனுக்கு எந்த கேம் கன்சோல் வாங்கலாம்: பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா, ஸ்விட்ச்சா?

சென்னையிலிருந்து டர்பன் வந்து ஆறு மாதம் ஆகிறது, மகன் தீபாவளிக்கு கன்சோல் கேட்கிறான், மூன்றில் எது நல்லது, இந்தியாவில் இருக்கும் அண்ணனிடம் சொல்லிக் கொண்டுவரச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம். மனைவி டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். எங்களுக்கு இரண்டு பையன்கள். இந்தக் கேள்வியோடு நானும் மாதக்கணக்கில் அலைந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கு 12 டெராஃப்ளாப் (கிராஃபிக்ஸ் வேகத்தின் அளவு), பிஎஸ்5-க்கு, அதாவது பிளேஸ்டேஷன் 5-க்கு, பத்துக்குச் சற்று மேல் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தீர்கள். அதை விட்டுவிடுங்கள். ஹாலில் சோபாவில் உட்கார்ந்து பார்க்கும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பையனிடம் நீங்கள் கேட்க வேண்டியது இரண்டே கேள்விதான்: யாரோடு விளையாடப் போகிறாய், அவர்களிடம் என்ன இருக்கிறது?

ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் 2021-ல் முதலில் வாங்கியது டிஸ்க் போடவே வழி இல்லாத மலிவான மாடல். விலை குறைவு என்பது மட்டும்தான் அன்றைக்கு என் கணக்கில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனால் அங்கே மச்சான் பிள்ளைகள், டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து வரும் சித்தி பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே இருக்கும். சாப்பிட்டு முடித்த கையோடு பைக்குள்ளிருந்து டிஸ்க் எடுத்து மாற்றிக்கொள்வார்கள், நீ இதை முடித்துவிட்டாயா, எனக்குக் கொடு, நான் அதைத் தருகிறேன் என்று. என் பெரியவன் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பான். புதிதாக வரும் பெரிய கேம் ஒன்று இங்கே ஆயிரம் ராண்டுக்கு மேல். டிஸ்க்காக வாங்கினால் விளையாடி முடித்துவிட்டுப் பாதி விலைக்காவது விற்கலாம், இல்லையென்றால் இன்னொன்றோடு மாற்றிக்கொள்ளலாம். டவுன்லோடாக வாங்கினால் அது அந்தக் கணக்கோடு சரி, விற்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. ஒன்றரை வருடம் கழித்துக் கூட்டிப் பார்த்தபோது கன்சோல் பெட்டியில் மிச்சம் பிடித்ததைவிடக் கேமில் விட்டது அதிகம் என்று தெரிந்தது. அதை விற்றுவிட்டு டிஸ்க் போடும் பிஎஸ்5 வாங்கினோம். பழைய பிஎஸ்4 டிஸ்க்குகளும் கிட்டத்தட்ட எல்லாமே அதில் ஓடுவதால், பிள்ளைகள் எல்லோரிடமும் கிடந்த பழைய கேம்களும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்துவிட்டன.

இப்போது விற்கும் பிஎஸ்5-ல் டிஸ்க் போடும் டிரைவ் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை. 2023 கடைசியில் வந்த ஒல்லி (ஸ்லிம்) மாடல் என்றால் டிரைவைப் பிற்பாடு தனியாக வாங்கியும் மாட்டலாம். பிஎஸ்5 ப்ரோவில் டிரைவ் கிடையாது, அதையும் தனியாக வாங்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் சீரிஸ் எக்ஸின் வழக்கமான மாடலில் டிரைவ் உண்டு, சீரிஸ் எஸ்ஸில் கிடையாது, பிறகு மாட்டவும் வழியில்லை.

அப்புறம் கரண்ட். நீங்கள் நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள். 2023-ல் 300 நாளுக்கு மேல் லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) இருந்தது, இரண்டு மணி நேர ஸ்லாட்டாக, மோசமான நாட்களில் ஒரே நாளில் மூன்று நான்கு முறை. 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது, ஆனாலும் 2025 தொடக்கத்தில் சில நாட்கள் திரும்ப வந்துபோனது. அதனால் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்5-ஐ ரெஸ்ட் மோடில், அதாவது முழுக்க ஆஃப் செய்யாமல் தூங்கும் நிலையில், வைத்திருந்தால், விளையாட்டு நின்ற இடம் மெமரியில்தான் இருக்கும், கரண்ட் போனால் அதுவும் போச்சு, கடைசியாக சேவ் செய்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பெட்டிகளில் குவிக் ரெஸ்யூம் என்று ஒன்று இருக்கிறது. அது விளையாட்டு நின்ற இடத்தை உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி சேமிப்பில் எழுதி வைப்பதால், ஸ்லாட் தொடங்குமுன் ஒழுங்காக ஆஃப் செய்துவிட்டால், பிளக்கைப் பிடுங்கினாலும் மறுபடி வரும்போது விட்ட இடத்திலேயே நிற்கும். எல்லா கேமுக்கும் இல்லை, ஆன்லைன் கேமுக்கு உதவாது, இருந்தாலும் அந்த நாட்களில் மச்சான் வீட்டில் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். இன்வெர்ட்டர் வைத்திருந்தால் இன்னொன்றும் பாருங்கள்: பெரிய கேம் ஓடும்போது பிஎஸ்5 சுமார் 200 வாட் இழுக்கும், சீரிஸ் எஸ் அதில் பாதிகூட இழுக்காது. எந்தப் பெட்டியானாலும் சர்ஜ் பிளக் இல்லாமல் சொருகாதீர்கள். கரண்ட் திரும்பி வரும் அந்த நொடிதான் ஆபத்து, எங்கள் டிவியின் போர்டு அப்படித்தான் போனது.

எக்ஸ்பாக்ஸை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. வீட்டில் அன்லிமிடெட் ஃபைபர் இன்டர்நெட் இருந்து, பையனுக்கு டிஸ்க் மாற்றிக்கொள்ள ஆளும் இல்லை என்றால், மாதச் சந்தா கட்டி நிறைய கேம் விளையாட கேம் பாஸ் நல்ல வழிதான். ஆனால் அந்த விலையை நம்பி ஐந்து வருடக் கணக்குப் போடாதீர்கள். 2025 அக்டோபரில் அதன் உச்ச சந்தாவை அமெரிக்காவில் 20 டாலரிலிருந்து 30 டாலருக்கு ஏற்றினார்கள். ஃபோர்ஸா ஹொரைசன் 5 மாதிரி கன்சோல்களில் எக்ஸ்பாக்ஸில் மட்டுமே கிடைத்த கேம்கள்கூட இப்போது பிஎஸ்5-க்கும் வந்துவிட்டன, ஆகவே அந்தக் கேமுக்காக இந்தப் பெட்டி என்ற பழைய காரணம் ரொம்பவே தளர்ந்துவிட்டது. ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக் இரண்டும் இலவசம், எந்தப் பெட்டியில் இருக்கும் நண்பனோடும் விளையாடலாம். கிரிக்கெட் பைத்தியம் என்றால் கிரிக்கெட் 24 பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் இருக்கிறது.

கையில் வைத்தும் விளையாடக்கூடிய ஸ்விட்ச்சை உங்கள் மகனுக்கு முதல் பெட்டியாகச் சொல்ல மாட்டேன். தங்கை இருக்கிறாள், இரண்டு பேரும் சேர்ந்து விளையாட வேண்டும், அல்லது ஜோஹன்னஸ்பர்க் வரை என்3 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரம் அடிக்கடி காரில் போகிறீர்கள் என்றால் அதுபோல வேறில்லை, கரண்ட் இல்லாவிட்டாலும் பேட்டரியில் ஓடும். ஆனால் ஸ்விட்ச்சைத் தயாரிக்கும் நின்டெண்டோவின் சொந்த கேம்கள் விலை இறங்குவது அபூர்வம். புதிய ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கார்ட்ரிட்ஜ்களில் கேமே இருக்காது, டவுன்லோட் செய்வதற்கான சாவி மட்டும்தான், அட்டையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இந்தியாவிலிருந்து கொண்டுவருவது பற்றி. மின்சாரம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான், பிளக் முள் மட்டும் வேறு. பிஎஸ்5 கேம் டிஸ்க்குக்கு நாட்டு எல்லை இல்லை. ஆனால் புளூ-ரே சினிமா டிஸ்க்குக்கு உண்டு, இந்தியா சி மண்டலம், இங்கே பி. பிளேஸ்டேஷன் கணக்கு தொடங்கும்போது தென்னாப்பிரிக்கா என்றே போடுங்கள், அதைப் பிறகு மாற்ற முடியாது, இந்தியா என்று போட்டுவிட்டால் இங்கத்திய கார்டை வைத்து பிளேஸ்டேஷனின் ஆன்லைன் கடையில் வாங்குவது தலைவலி. எல்லாவற்றுக்கும் மேல், பழுதானால் பெட்டியை யாரிடம் கொண்டுபோவீர்கள்? இங்கே கடையில் வாங்கிய பொருள் பழுதானால் நுகர்வோர் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் பழுது பார்த்துத் தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ கேட்கலாம், எது வேண்டும் என்பது நம் விருப்பம். கம்பெனியின் அதிகாரப்பூர்வ வழியில் அல்லாமல் வேறு வழியாக இறக்குமதியான சரக்கு என்றால் அதையும் கடைக்காரர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரு கடையில் எனக்கு அதைச் சொல்லாமல் விற்றார்கள், ஒரு கன்ட்ரோலருக்காக நான்கு முறை நடந்தேன். ரசீதில் தென்னாப்பிரிக்க வாரண்டி என்று எழுதி வாங்குங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் டிரைவ் உள்ள பிஎஸ்5 ஒல்லி மாடலை வாங்குவேன். நான் பார்த்த வரையில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பிள்ளைகளிடம் அதிகம் இருப்பது பிளேஸ்டேஷன்தான். ஆனால் மகன் வகுப்பில் நான்கு பேரைக் கேட்டு, அவர்கள் எல்லோரும் எக்ஸ்பாக்ஸ் என்றால் நான் சொன்னதை மறந்துவிட்டு அதையே வாங்குங்கள், டிரைவோடு. தீபாவளிக்கே வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், நவம்பர் கடைசி பிளாக் ஃபிரைடே வரை அவனைப் பொறுக்கச் சொல்லிப் பாருங்கள். போன தடவை அந்த ஒரு மாதம் காத்திருந்ததில் எங்களுக்கு இரண்டாவது கன்ட்ரோலருக்கான காசு மிஞ்சியது.