செலரி, செலரியாக் (அடிப்பகுதி கிழங்கு போலப் பருக்கும் செலரி) இரண்டையும் விதையிலிருந்து வீட்டில் வளர்க்க முடியுமா? விதைத்து இரண்டு வாரம் ஆகியும் முளைக்கவில்லையே?

முடியும். ஆனால் முதலில் அந்தத் தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிடாதீர்கள். செலரிக்கு இரண்டு வாரம் ஒரு தாமதமே இல்லை. எல்லாம் சரியாக அமைந்தாலே முளைக்க இரண்டு, மூன்று வாரம் எடுக்கும். கொத்தமல்லி, கேரட் எல்லாம் இதன் சொந்தக்காரர்கள்தான். அந்தக் குடும்பமே நிதானமாக முளைக்கும், அதிலும் இது ரொம்ப நிதானம்.

மூன்று வாரம் தாண்டியும் ஒன்றும் தலைகாட்டவில்லை என்றால், பெரும்பாலும் விதையை மண்ணுக்குள் புதைத்திருப்பீர்கள். செலரி விதை தூசி மாதிரி இருக்கும், ஒரு கிராமில் 2000-க்கும் மேல். அது முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈரமான நாற்றுக் கலவையின் மேல் தூவி, விரலால் லேசாக அழுத்திவிட்டால் போதும். மேலே மண் போட வேண்டாம். பூவாளியால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். தட்டை ஒரு தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்துக் கீழிருந்து உறிஞ்ச விடுங்கள், அல்லது தெளிப்பானால் பனி போலத் தெளியுங்கள். மேல்மண் ஒரு நாள் காய்ந்தாலும் முளைவிடத் தொடங்கிய விதை செத்துவிடும். அதனால் முளைக்கும்வரை மேலே கண்ணாடியோ பிளாஸ்டிக் தாளோ மூடி வைக்கலாம். முளை தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நாற்றழுகல் வரும்.

அடுத்து சூடு. 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் இதற்குச் சுகம். 25-ஐத் தாண்டி வெப்பம் போனால் விதை உறங்கிவிடும், நாம் விதை கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொள்வோம். இரவில் கொஞ்சம் குளிர்ந்தால் முளைப்பு இன்னும் நன்றாக இருக்கும். உங்களுடையது வெயில் ஊர் என்றால், செடி வளரும் மாதங்கள் குளிர்ந்த பருவத்தில் விழும்படி விதைக்க வேண்டும். உறைபனி விழும் ஊர் என்றால், கடைசி உறைபனிக்கு 10 முதல் 12 வாரம் முன்பே வீட்டுக்குள் நாற்றுவிட வேண்டும். ஆமாம், தக்காளியைவிட முன்னதாக.

முதலில் வரும் வித்திலைகளுக்குப் பிறகு இரண்டு நிஜ இலை வந்ததும் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனித்தனிக் குழியில் நடுங்கள். தோட்டத்துக்கு மாற்றுவதில் ஒரு வில்லங்கம் உண்டு. இது ஈராண்டுச் செடி. முதல் ஆண்டு இலையும் தண்டும், குளிர்காலம் கழிந்து அடுத்த ஆண்டு பூ. இளம் நாற்று பத்து நாள் போல 10 டிகிரிக்குக் கீழே குளிரில் நின்றுவிட்டால், 'ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது' என்று கணக்குப்போட்டுப் பூத்தண்டு விட ஆரம்பித்துவிடும். அப்புறம் தண்டு நார்தான். ஆகவே குளிர் நன்றாக விலகிய பிறகு வெளியே நடுங்கள்.

இனிமேல் விஷயம் முழுக்கத் தண்ணீர்தான். காட்டுச் செலரி சதுப்பு நிலத்துச் செடி. தோட்டத்துச் செலரிக்கும் வேர் ஆழமாகப் போவதில்லை. அதனால் மேல்மண் காயவே கூடாது. காயவிட்டு, பிறகு வெள்ளமாகப் பாய்ச்சினால் தண்டு நாராகும், கசக்கும், உள்ளே பொந்து விழும். நடுக் குருத்து கருகுவதும் இதனால்தான்: மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும், நீர் ஒழுங்காக ஏறாவிட்டால் அது குருத்துக்குப் போய்ச் சேராது. நடும் முன்பே மக்கிய தொழுவுரத்தைத் தாராளமாகக் கலந்து, நட்டபின் மூடாக்கு (வைக்கோல், காய்ந்த இலையால் மண்ணை மூடுவது) போடுங்கள். தினமும் தண்ணீர் விட ஆளில்லாத வீட்டில் செலரி வேண்டாம் என்றே சொல்வேன்.

செலரியில் தண்டு தானாகவே வெளிறி இளசாகும் ரகங்களைத் தேடி வாங்குங்கள். வரிசையாக நடாமல், சதுரப் பாத்தியில் 20-25 செ.மீ. இடைவெளியில் நெருக்கமாக நட்டால் ஒன்றுக்கொன்று நிழல் கொடுத்துத் தண்டு இளசாக இருக்கும். பழைய ரகங்களில் தண்டு வெளிற வேண்டுமென்றால் வெளிச்சம் படாதபடி மண் அணைக்க வேண்டும், அல்லது அறுவடைக்குச் சில வாரம் முன்பு தண்டைச் சுற்றி அட்டை கட்ட வேண்டும். முழுச் செடியையும் வெட்டக் காத்திருக்க வேண்டியதில்லை. வெளித்தண்டுகளை ஒவ்வொன்றாக ஒடித்துக்கொண்டே வரலாம். கடையில் பார்க்கிற அளவுக்குத் தடிமன் எதிர்பார்க்காதீர்கள், மணம் அதைவிடத் தூக்கலாக இருக்கும்.

ஒரு விஷயம்: வெயிலில் நின்று நிறையச் செலரி வெட்டும்போது சாறு தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளம் வரும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

செலரியாக் இதே செடியின் இன்னொரு வகை. நாற்று வரைக்கும் எல்லாம் ஒன்றுதான். கிழங்கு என்று சொல்கிறோமே தவிர, தண்டும் வேரும் சேரும் இடம்தான் அங்கே உருண்டு பருக்கிறது. அதனால் நடும்போது கழுத்தைப் புதைக்கக் கூடாது, மண்ணுக்கு மேலேயே தெரிய வேண்டும். இடைவெளி 30 செ.மீ. விடுங்கள். பருக்கத் தொடங்கியதும் கீழ் இலைகளையும் பக்கச் சிம்புகளையும் அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். நட்டதிலிருந்து மூன்றரை, நான்கு மாதம் ஆகும். முதல் இரண்டு மாதம் இலை மட்டும்தான் இருக்கும், அப்போது மனம் தளர்ந்து பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் நான் செலரியாக்கைத்தான் வைப்பேன். வெளிறவைக்கும் வேலை கிடையாது, லேசான உறைபனியையும் தாங்கும். இலையை வெட்டிவிட்டு, குளிர்ந்த இடத்தில் ஈர மணலுக்குள் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. அந்த வெட்டிய இலையைச் சூப்பில் போட்டால் செலரி இல்லாத குறையும் பாதி தீர்ந்துவிடும்.