பெரியப்பாவின் ஆசைக்காக உயிரியல் வேண்டாம்

தங்கச்சி, சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவன் உயர்தரத்தில் உயிரியல் படிக்க மாட்டேன் என்கிறானே என்று உவர்மலையிலிருந்து மகனையும் கூட்டிக்கொண்டு வந்து கலங்கினீர்கள். யோசிக்க வேண்டாம் என்று அன்று சொல்லி அனுப்பினேன். இப்போது நேராகவே எழுதுகிறேன்: கனடாவில் இருக்கும் அவனுடைய பெரியப்பா அவனை டொக்டராக்க ஆசைப்படுகிறார் என்பதற்காக அவனை உயிரியலுக்குள் தள்ளுவது பிழை.

அவன் என் மேசையில் வைத்த விளையாட்டுக் காரைக் கவனித்தீர்களா? முதலில் மோட்டாரை நேரே ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகையின் இணைப்பு முனையில் (பின்னில்) கொடுத்து, அந்தப் பின்னை எரித்திருக்கிறான். ஒரு பின்னிலிருந்து 20 மில்லி அம்பியர் எடுப்பதே அளவு. சின்ன மோட்டார்கூடப் புறப்படும்போது அதைவிடப் பல மடங்கு இழுக்கும். காரணத்தைத் தேடிப் பிடித்து, மோட்டாருக்கு வேண்டிய பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூட ஒரு திரான்சிஸ்டர் போட்டான். மின்னோட்டம் வெட்டுப்படும்போது திரும்பி அடிக்கும் மின்னழுத்தத்துக்கு ஒரு டயோட்டும் போட்டான். கார் பின்னோக்கியும் ஓட வேண்டுமென்று, மோட்டாரை இரு திசையிலும் ஓட்டும் எல்298என் என்ற சிப்பை வாங்கினான். நாலு பற்றரியில் 6 வோல்ற்று கொடுத்தும் கார் ஊர்ந்தது. மீற்றரை வைத்து அளந்து, அந்தச் சிப்பே ஏறக்குறைய 2 வோல்ற்றை விழுங்குகிறது என்று கண்டுபிடித்தான். இதற்கு யாரும் அவனுக்கு ரியூசன் கொடுக்கவில்லை.

மற்றப் பிரிவுகளைப் பற்றி ஊரே சொல்லும். யாரும் சொல்லாதது, 2013இல் உயர்தரத்தில் வந்த தொழினுட்பப் பிரிவு. தொழினுட்பத்திற்கான விஞ்ஞானம் கட்டாயம். அதோடு இவனுக்குப் பொருந்துவது பொறியியல் தொழினுட்பவியல். மூன்றாவதாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலை எடுக்கலாம். செயன்முறைப் பரீட்சையும் உண்டு, அங்கேதான் இவன் கை பேசும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்பப் பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. அரச பல்கலைக்கழகம், படிப்புக்குக் கட்டணமில்லை. வெட்டுப்புள்ளி தவறினாலும் என்.வி.கியூ (தேசிய தொழிற்றகைமை) 5, 6 டிப்ளோமா முடித்து, இரத்மலானையில் இருக்கும் யூனிவோடெக் என்ற தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்குப் போகலாம். ஒன்றை மறைக்க மாட்டேன்: மொறட்டுவையில் பொறியியலாளர் பட்டம்தான் வேண்டுமென்றால் கணிதப் பிரிவுதான் வழி. அதை அவனிடமே கேளுங்கள்.

உயிரியல் சரிவராவிட்டால் வளவை ஈடு வைத்து வெளிநாட்டில் மருத்துவம் படிப்பிப்பதாகச் சொன்னீர்கள். கூடவே கூடாது. படித்துத் திரும்பினாலும் இலங்கை மருத்துவ சபையில் பதிய இன்னொரு பரீட்சை எழுத வேண்டும். ஆலோசனை பெரியப்பாவுடையது, வட்டி கட்டப்போவது நீங்கள்.

தமிழ்மொழியில் இந்தப் பிரிவு நடக்கும் பாடசாலை திருகோணமலையில் எது, ஆய்வுகூடமும் ஆசிரியரும் இருக்கிறார்களா என்று விண்ணப்பிக்க முன்னமே நேரில் போய் விசாரியுங்கள். ஆசிரியர் இல்லாத இடத்தில் சேர்க்க வேண்டாம். பிறகு அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். படிவத்தை மகனே நிரப்பட்டும்.