பக்கத்து வயலில் தைல மரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அறந்தாங்கிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். பக்கத்து நிலத்துக்காரர் சில வருடங்களுக்கு முன் தைல மரம் போட்டார். அதிலிருந்து அந்த வரப்பை ஒட்டிய கடலை எழும்புவதே இல்லை, பிடுங்கினால் பாதி பொக்கு. இலையில் விஷம் இருக்கிறது, மண்ணையே மலடாக்கிவிடும் என்கிறார்கள் ஊரில். விவசாயம் படித்த என் மைத்துனர், அதெல்லாம் கட்டுக்கதை, எந்த மரமும் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும் என்கிறார். இதற்கிடையில் காகித ஆலைக்கு மரம் பிடிக்கும் ஏஜென்ட் ஒருவர், நீங்களும் போடுங்கள், ஐந்து வருடத்தில் நாங்களே வெட்டிக்கொள்கிறோம் என்று வந்து நிற்கிறார். அப்பாவுக்குப் பாதி மனது. என்ன செய்யலாம்?

ம., புதுக்கோட்டை மாவட்டம்

அன்புள்ள ம.,

போடாதீர்கள். காரணத்தை அப்புறம் பேசலாம், முதலில் இதை அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

இலையில் இருக்கும் எண்ணெயும் பீனால் வகைப் பொருட்களும் விதை முளைப்பதைத் தடுக்கும் என்பது உண்மைதான், சருகு ஊறிய தண்ணீரை விதைக்கு ஊற்றிப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வயலில் மழை அதைக் கரைத்துவிடும், மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். உங்கள் கடலை முளைக்காமல் போகவில்லையே, முளைத்து வளர்ந்து காய் வைக்கும்போதுதானே ஏமாற்றுகிறது? கடலைக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக எடுக்கிறது, அதற்கு அந்த நேரத்தில் மேல்மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். ஈரம் போனால் பொக்கு. வரப்பிலிருந்து நாலு தப்படி உள்ளே, கடலை வரிசைக்கு நடுவில் மண்வெட்டியால் ஓர் அடி வெட்டிப் பாருங்கள். மரத்தின் மெல்லிய வேர்கள் அங்கே பின்னிக் கிடந்தால் ஈரம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

எந்த மரமும் தண்ணீர் குடிக்கும் என்று உங்கள் மைத்துனர் சொல்வதும் பாதிதான் சரி. கர்நாடகத்தில் இயன் கால்டர் என்ற பிரிட்டிஷ் நீரியல் ஆய்வாளரின் குழுவினர் இதை வருடக்கணக்கில் அளந்தார்கள். மண் ஆழம் மூன்று மீட்டர் அளவே இருந்த இடத்தில் யூகலிப்டஸ், அதாவது நம் தைல மரம், அந்தப் பகுதியின் இலையுதிர் காட்டைவிட அதிகம் குடிக்கவில்லை. ஆனால் அந்தக் காடும் சரி, இந்த மரமும் சரி, கேழ்வரகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடுத்தன. எட்டு மீட்டருக்கும் மேல் ஆழமான மண்ணுள்ள, பெங்களூருப் பக்கத்து ஹோஸ்கோட்டேயில்தான் விஷயம் வேறு. மழை குறைந்த மூன்று வருடங்களில் பெய்தது 2100 மில்லிமீட்டர், மரங்கள் உறிஞ்சி இலை வழியாக வெளியே விட்டது அவர்கள் கணக்கில் 3400. மீதியெல்லாம் முன்பே அடிமண்ணில் சேர்ந்திருந்த ஈரம். ஆக, காட்டோடு ஒப்பிட்டு இது சாதாரண மரம்தான் என்று சொல்கிறவர், கடலை விளைந்த இடத்தில் இதை நட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் சொல்லவில்லை. கர்நாடக அரசு 2017இல் புதிதாக யூகலிப்டஸ் நடுவதற்கே தடை போட்டது.

மண் மலடாவதைப் பற்றி. சருகு லேசில் மட்காது. வெயில் காலத்துக்குப் பிறகு வரும் முதல் மழை விட்டதும் தோப்புக்குள் போய்ச் சருகை ஒதுக்கிப் பாருங்கள், பல இடங்களில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும், விரலால் கீறினால் கீழே புழுதி. மெழுகும் எண்ணெயும் படிந்த மண் அப்படித்தான் தண்ணீரை உள்ளே விடாது. அதோடு மரத்தின் சுண்ணாம்புச் சத்தில் பெரும்பங்கு பட்டையில் இருக்கிறது. பட்டையோடு லாரியில் ஏற்றினால் அதுவும் போய்விடும், வெட்டிய கட்டையை மறுதாம்பாகத் துளிர்க்க விட்டு மறுபடி வெட்டினால் மறுபடியும் போகும். ஆனாலும் இதெல்லாம் திரும்ப வராத சேதம் இல்லை. வேர்க்கட்டைகளைப் பிடுங்கி, தொழுவுரம் போட்டு, சில வருடம் பயறும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழுதால் நிலம் தேறும். கட்டை பிடுங்கும் கூலி யார் தலையில் என்பதை ஏஜென்ட் சொன்னாரா?

உங்கள் மாவட்டத்தில் எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. தைல மரக் காடுகளுக்குள் மழைநீரைத் தேக்க வரப்பும் குழியும் வெட்டிவிடுகிறார்கள், கண்மாய்க்கு வரவேண்டிய தண்ணீர் அங்கேயே நின்றுவிடுகிறது என்று அரிமளம் பக்கத்து மக்கள் வெகு காலமாகப் போராடுகிறார்கள். கண்மாயை நம்பி வாழும் ஊரில் தண்ணீர் வரும் கால்வாயான வரத்து வாரியை அடைப்பது வயிற்றில் அடிக்கும் வேலை, எந்தக் காகிதத்துக்காகவும் அதை ஏற்க முடியாது. உங்கள் ஊர் வரத்து வாரியையும் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, அடைபட்டிருந்தால் கிராம சபையில் எழுத்து மூலம் கொடுங்கள்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது, வரப்பை ஒட்டி உங்கள் பக்கம் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டுவது. பக்கவாட்டு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் ஓடும், அவை அறுபடும். மரக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு வெட்டுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் வேர் மறுபடி கடந்து வரும், திரும்ப வெட்ட வேண்டியிருக்கும். கடலைக்கு மண் அணைக்கும்போது சுண்ணாம்புச் சத்துக்காக ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுங்கள், ஆனால் மண்ணில் ஈரம் இருக்கும் நாளாகப் பார்த்து.