கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள், எடுத்துவிடலாமா?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 38 வயது. பாலக்கோடு பக்கம் கிராமம். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து 11 வருடம் ஆகிறது. ஒன்றரை வருடமாகத் தூரம் வந்தால் ஒன்பது, பத்து நாள் நிற்பதில்லை. கட்டி கட்டியாகப் போகிறது, அடிவயிறும் இடுப்பும் பிடுங்கி எடுக்கிறது. தக்காளி பறிக்கப் போனால் கொல்லையிலேயே கண் இருட்டுகிறது. ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பை வீக்கம், 2 செ.மீ. கட்டி, இடது சினைப்பையில் 2.5 செ.மீ. நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. கர்ப்பப்பை வாயில் புண் இருக்கிறது என்றும் சொன்னார்கள். ரத்தம் 7.6. 'பிள்ளை பெற்று முடித்தாச்சு, இனி எதற்கு அந்தப் பை, விட்டால் கேன்சரில் கொண்டு போய் விடும், காப்பீட்டு அட்டையிலேயே எடுத்துவிடலாம், சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் பிறகு தொல்லையே இல்லை' என்கிறார்கள். என் அக்காவுக்கும் நாத்தனாருக்கும் இப்படித்தான் எடுத்தார்கள். நானும் எடுத்துவிடலாமா?

பதில்:

அவசரப்படாதீர்கள் அம்மா. நீங்கள் எழுதியதில் உடனே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, அது அந்த 7.6. உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 8-க்குக் கீழே போனாலே கடுமையான ரத்தசோகை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. கொல்லையில் கண் இருட்டுவது அதனால்தான். ஆபரேஷன் செய்வதாக இருந்தாலும் இந்த நிலையில் மேசையில் படுக்க வைப்பது நல்லதில்லை, முதலில் இந்த ரத்த அளவை உயர்த்த வேண்டும். ஆக, எப்படிப் பார்த்தாலும் உங்களுக்குச் சில வாரம் அவகாசம் இருக்கிறது, அந்த அவகாசத்தில் ரத்தப்போக்குக்குக் காரணம் என்ன என்று கண்டுபிடிக்கலாம். இதுவரை அதை யாரும் கண்டுபிடித்த மாதிரி தெரியவில்லை. ஸ்கேனில் தெரிந்ததை எல்லாம் வரிசையாகப் படித்துக் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஸ்கேன் தாளில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதலில் அந்த 2.5 செ.மீ. நீர்க்கட்டி. மாதவிலக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் மாதா மாதம் சினைப்பையில் கருமுட்டை ஒரு நீர்ப்பைக்குள்தான் வளர்கிறது, வெடித்து வெளியே வருவதற்கு முன் அந்தப் பை இரண்டு, இரண்டரை செ.மீ. வரை பெரிதாகும். உள்ளே வெறும் தெளிந்த நீர்தான் இருக்கிறது, 3 செ.மீ.க்கு உட்பட்டிருக்கிறது என்றால் நாங்கள் அதை நோய்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. உங்கள் தாளிலும் அப்படித்தான் எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன், மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்த மாதம் மாதவிலக்கு முடிந்த கையோடு இன்னொரு ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் அது இருந்த இடமே தெரியாது.

அடுத்து 2 செ.மீ. கட்டி. நார்த்திசுக் கட்டி, ஃபைப்ராய்டு என்பார்கள். இதில் அளவை விட இடம்தான் முக்கியம். கர்ப்பப்பையின் உள் அறைக்குள் எட்டிப் பார்க்கும் கட்டி 1 செ.மீ. இருந்தாலும் ரத்தத்தைக் கொட்ட வைக்கும், வெளிச்சுவரில் தொங்குகிற கட்டி 5 செ.மீ. ஆனாலும் சிலருக்குத் தெரியவே தெரியாது. உங்கள் ரிப்போர்ட்டில் கட்டி எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால் அந்த ஸ்கேனை நம்பி ஆபரேஷனுக்கு நாள் குறிக்க முடியாது, உள்வழி ஸ்கேன், அதாவது பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன், எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டி புற்றுநோயாக மாறிவிடும் என்பதும் வீண் பயம், ஃபைப்ராய்டு என்று நினைத்தது புற்றாக இருப்பது மிக மிக அரிது.

'வாயில் புண்' என்ற வார்த்தைதான் நம் பக்கத்துப் பெண்களை அதிகமாகப் பயமுறுத்துகிறது. கர்ப்பப்பை வாயின் உட்பக்கச் சவ்வு கொஞ்சம் வெளியே வந்து சிவப்பாகத் தெரிவதைத்தான் பல நேரம் புண் என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை பெற்றவர்களில் நிறையப் பேருக்கு இது இருக்கும், இதற்காகப் பையை எடுப்பது என்றால் ஊரில் பாதிப் பேருக்கு எடுக்க வேண்டியதுதான். நிஜமாகவே பயமாக இருந்தால் அதற்கு நேரடியான சோதனை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

கடைசியில் 'வீக்கம்'. இதைத்தான் நான் விடமாட்டேன். இரண்டு பிரசவம் ஆன கர்ப்பப்பை இயல்பிலேயே கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், அதனால் வீக்கம் என்ற சொல்லுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. ஆனால் உங்களுக்கு 35-க்கு மேல் தொடங்கிய அதிகப் போக்கு, கட்டி கட்டியாகப் போவது, மாதவிலக்கோடு சேர்ந்து வரும் இடுப்பு வலி மூன்றும் இருக்கின்றன. எனக்கு முதலில் அடினோமயோசிஸ் மீதுதான் சந்தேகம் போகிறது. கர்ப்பப்பையின் உள் சவ்வு அதன் தசைச் சுவருக்குள்ளேயே வேர் விட்டுப் பரவுவதற்குப் பெயர் அது. மாதா மாதம் உள்ளறையில் என்ன நடக்கிறதோ அதுவே சுவருக்குள்ளும் நடக்கும், அதனால் சுவர் தடித்து, வலித்து, ரத்தம் அதிகமாகப் போகும். ஒரு காலத்தில் இதை உறுதி செய்ய ஒரே வழிதான் இருந்தது, கர்ப்பப்பையை எடுத்து, சுவரை வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நோயின் பெயர் தெரிய வரும்போது உறுப்பு போயிருக்கும். இன்று பொறுமையாகச் செய்யப்படும் உள்வழி ஸ்கேனிலேயே சுவரில் சின்னச் சின்ன நீர்ப்பைகள், ஒரு பக்கம் மட்டும் தடித்த சுவர், விசிறி மடிப்பு மாதிரி விழும் நிழல் கோடுகள் இவற்றை வைத்துச் சொல்லிவிட முடியும், சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. இருக்கிறது.

இப்படிக் காரணத்தைத் தேடுவதற்கென்றே உலக மகப்பேறு, மகளிர் நல மருத்துவர் கூட்டமைப்பு 2011-இல் ஒரு வகைப்பாடு வெளியிட்டது. அதில் ஒன்பது தலைப்புகள். சதைவளர்ச்சி, அடினோமயோசிஸ், ஃபைப்ராய்டு, புற்று மற்றும் அதற்கு முந்தைய நிலை என நான்கும் கண்ணில் அகப்படுகிறவை. ரத்தம் உறையாத கோளாறு, முட்டை வெளியேறாத கோளாறு, உள்சவ்வின் கோளாறு, மருந்தாலும் காப்பர் டி-யாலும் வருவது, இதில் எதிலும் சேராதது என மிச்சம் ஐந்து. உங்களுக்கு இதில் எது என்று கேளுங்கள், அந்தக் கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும். தைராய்டு சோதனையும் தட்டணுக்கள் எண்ணிக்கையும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குடும்பக் கட்டுப்பாடு செய்திருந்தாலும் கர்ப்பமா என்று ஒரு சிறுநீர்ச் சோதனை செய்துவிடுங்கள், சிரிக்காதீர்கள், அரிதாக அப்படியும் வந்திருக்கிறது. 45 வயதைத் தாண்டியவர்களுக்கும், சர்க்கரை நோய், உடல் பருமன் உள்ளவர்களுக்கும், மருந்துக்கு அடங்காதவர்களுக்கும் உள்சவ்வில் துளி திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். மெல்லிய குழாய் விட்டு வெளிநோயாளிப் பிரிவிலேயே எடுத்துவிடலாம், மாதவிலக்கு வலி மாதிரி சில நிமிடம் வலிக்கும்.

கேன்சர் பயத்துக்கு வருவோம். கர்ப்பப்பை வாய்ப் புற்று வருவதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ், அதைக் கண்டுபிடித்த ஹரால்டு சூர் ஹாசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வைரஸ் தொற்றிப் புற்றாக மாறப் பல வருடம் ஆகும், நடுவில் பிடித்துவிட்டால் சின்ன சிகிச்சையிலேயே முடிந்துவிடும். இதற்கான ஆதாரம் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை, நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. 30 முதல் 59 வயது வரையிலான கிராமத்துப் பெண்களுக்கு நர்சுகளே கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம், கிட்டத்தட்ட வினிகர் மாதிரி, தடவி ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு விழுகிறதா என்று பார்த்தார்கள். விழுந்தவர்களுக்கு அந்த இடத்தை உறைய வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். ஒரே ஒரு முறை செய்த சோதனையிலேயே புற்று வருவது 25 சதவீதமும் அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்தது என்று 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அரசு மருத்துவமனையில் இந்தச் சோதனைக்குக் காசு கிடையாது, முடிவு அங்கேயே தெரிந்துவிடும். அதைச் செய்துகொள்ளுங்கள். புற்று பயத்துக்குப் பதில் அந்த ஒரு நிமிடச் சோதனையில் கிடைக்கும், அதற்காகப் பையை எடுக்க வேண்டாம்.

இப்போது சிகிச்சை. டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மாத்திரை 1962-இல் ஜப்பானில் உட்டாகோ ஒக்காமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவரும் உருவாக்கியது. பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகும் தாய்மார்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் அவர்கள் தேடிய மருந்து. போக்கு அதிகமான மூன்று, நான்கு நாள் மட்டும் போட்டால் ரத்தப்போக்கு ஏறத்தாழ பாதியாகும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிய அனுபவம் உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. லக்னோவில் நம் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த சென்ட்குரோமன் மாத்திரையும் உண்டு, கருத்தடைக்காக வந்தது, அதிகப் போக்குக்கும் கொடுக்கிறோம். இவை இரண்டும் மருத்துவர் சீட்டில்தான், கடையில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம்.

அடினோமயோசிஸ் என்றே உறுதியானால் நான் முதலில் யோசிப்பது ஹார்மோன் வளையம். மிரீனா என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும், இப்போது நம் நாட்டுத் தயாரிப்புகளும் இருக்கின்றன. காப்பர் டி மாதிரியே டி வடிவம், நீளம் மூன்று செ.மீ. சொச்சம். செம்புக்குப் பதில் அதன் தண்டில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் இருக்கிறது, அது தினமும் துளித் துளியாகக் கர்ப்பப்பைக்குள்ளேயே கசிந்து உள்சவ்வை மெலிய வைக்கும். பிரிட்டனில் அதிகப் போக்கு உள்ள 571 பெண்களை வைத்து இந்த வளையத்தையும் மாத்திரைகளையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்டார்கள். வளையம் போட்டவர்களுக்கு அன்றாட வாழ்க்கை அதிகமாகத் தேறியிருந்தது, இரண்டு வருடம் கழித்து நூற்றுக்கு 64 பேர் வளையத்தைத் தொடர்ந்தார்கள், மாத்திரையைத் தொடர்ந்தவர்கள் 38 பேர்தான். ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், முதல் மூன்று முதல் ஆறு மாதம் அவ்வப்போது துளித் துளியாகப் படும். நம் பெண்கள் நிறையப் பேர் 'இதுக்கு முன்ன இருந்ததே தேவலாம்' என்று இரண்டாம் மாதமே கழற்றச் சொல்லி வந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் பொறுத்தவர்களில் பலருக்கு மாதவிலக்கே பேருக்குத்தான் வருகிறது. விலை சில ஆயிரம் ரூபாய் ஆகும், தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் அங்கேயே கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

கர்ப்பப்பையை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரிய கட்டிகள், மருந்தும் வளையமும் தோற்றுப்போன வலி, திசுப் பரிசோதனையில் மோசமான மாற்றம், இதற்கெல்லாம் நானே எடுத்திருக்கிறேன், எடுத்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கு ஆற்றாமை எதில் என்றால், ஒரு மாத்திரைகூடக் கொடுத்துப் பார்க்காமல் 38 வயதில் நேராக ஆபரேஷன் மேசைக்குப் போவதில்தான். இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. நம் எல்லையைத் தாண்டினால் வரும் ஆந்திராவும் அதை அடுத்த தெலங்கானாவும் நாட்டிலேயே அதிகமாகக் கர்ப்பப்பை எடுக்கும் மாநிலங்கள், மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஏராளமானோருக்குக் கர்ப்பப்பையை எடுத்ததை நாடே பார்த்தது. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது.

சினைப்பையைச் சேர்த்து எடுப்பதற்கு மட்டும், உங்கள் வயதில் அது நல்ல நிலையில் இருக்கும்போது, சம்மதிக்காதீர்கள். ஈஸ்ட்ரோஜன் அங்கிருந்துதான் வருகிறது, எடுத்த மறுநாளே உடம்பு 50 வயதுக்குப் போய்விடும். எலும்பு தேய்வதும் இதய நோயும் சீக்கிரமாக வரும். என்னிடம் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வருவார், 32 வயதில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். இப்போது 44. வரும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டேதான் உட்காருவார், மார்கழி மாதத்திலும் மின்விசிறி வேண்டும். போன வருடம் வாசலில் வழுக்கிக் கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்துவிட்டது. சினைப்பையை விட்டுவைத்துப் பையை மட்டும் எடுத்தாலும்கூட மாதவிடாய் நிற்கும் பருவம் முன்னதாக வருகிறது, நியூசிலாந்து ஆய்வு ஒன்றில் சராசரியாக 3.7 வருடம் முன்னால் வந்திருக்கிறது. உங்கள் அக்காவும் நாத்தனாரும் எப்படி இருக்கிறார்கள், மூட்டு வலி, தூக்கமின்மை, திடீர்ச் சூடு எதுவும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அவர்களையும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு.

ரத்தசோகைக்கு நம் ஊரில் எல்லோரும் களி சாப்பிடச் சொல்வார்கள். கேழ்வரகில் இருப்பது முக்கியமாகக் கால்சியம், அதை விடாமல் சாப்பிடுங்கள், ஆனால் 7.6-ஐ 12-க்குக் கொண்டு போக அது போதாது. சத்து மாத்திரையைக் களியோடும் டீயோடும் சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. இரண்டு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து எடுங்கள். உங்கள் அளவுக்கு நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றுவது இன்னும் வேகமாகத் தேற வைக்கும், அரசு மருத்துவமனையில் இது உண்டு, கேளுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, எழுந்து நின்றால் மயக்கம் வந்தாலோ இதையெல்லாம் யோசித்துக்கொண்டு வீட்டில் உட்காராமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தாம்பத்தியத்துக்குப் பிறகு ரத்தம் பட்டாலும், நாற்றத்தோடு நீர் போனாலும் நாள் கடத்தாதீர்கள்.

மற்றபடி இந்த மாதம் தூரம் வந்ததும் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எத்தனை நாப்கின், எத்தனை கட்டி, ஐந்து ரூபாய் நாணயத்தை விடப் பெரிதா சிறிதா, எந்த நாளில் வலி அதிகம் என்று குறித்து வையுங்கள், நாப்கின் இல்லாமல் துணி வைப்பவர் என்றால் எத்தனை முறை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். அந்தத் தாள், ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு இன்னொரு மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். எடுக்கச் சொன்னவரிடமே திரும்பப் போவதானாலும் சரி, 'எனக்கு என்ன நோய், மருந்து கொடுத்துப் பார்த்தாச்சா' என்று இரண்டே கேள்வி கேளுங்கள். வீட்டுக்காரரையும் கூட அழைத்துப் போங்கள், பதிலை அவரும் கேட்கட்டும்.