அவள் ஏன் முன்னமே போகவில்லை?

சென்ற இதழில், அயர்லாந்து எழுத்தாளர் போல் லிஞ்ச் (Paul Lynch) எழுதிய ‘ப்ராஃபட் சாங்’ நாவலைப் பற்றிச் சொல்லியிருந்தேன். 2023இல் புக்கர் பரிசு வாங்கியது. அயர்லாந்தில் கொடுங்கோல் ஆட்சி வந்துவிட்டதாகக் கற்பனை. ஆசிரியர் சங்கத்து ஆளான லாரியைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மனைவி எய்லிஷ் நான்கு பிள்ளைகளோடு டப்ளினில் காத்திருக்கிறாள். நிறையக் கடிதங்கள். திட்டித்தான் பாதி.

கே: பந்தியே பிரிக்கவில்லை, மேற்கோள்குறியும் இல்லை. யார் பேசுவதென்றே தெரியவில்லை. 40ஆம் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டேன். – வாசகர், கல்முனை

ப: நானும் இரண்டு தரம் மூடினேன். மூன்றாம் தரம் வாய்விட்டு வாசித்தேன், பிடிபட்டது. வீட்டில் ஆட்கள் இல்லாத நேரம் முயன்று பாருங்கள்.

கே: கனடாவில் சகோதரி இருக்கிறாள், வா வா என்கிறாள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகாமல் எய்லிஷ் அங்கேயே கிடப்பது நம்பும்படியாக இல்லை. கோபம்தான் வந்தது. – வாசகி, களுவாஞ்சிக்குடி

ப: உங்களுக்கு என்ன வயது? கேட்கக் கூடாதுதான். 1990 ஜூனில் இங்கே கிழக்கிலங்கையில் புலிகளுக்கும் இராணுவத்துக்கும் சண்டை தொடங்கியபோது எனக்கு 11. பக்கத்து வீட்டார் தோணியேறி வாவிக்கு அக்கரையில் படுவான்கரைக்குப் போனார்கள். அம்மா, “வேளாண்மை வெட்டு முடியட்டும், பார்ப்பம்” என்றார். வெட்டு முடிந்தது. மாடு கன்று போடட்டும் என்றார். அதற்குள் ஒரு சுற்றிவளைப்பில் சித்தப்பாவைக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு சின்னம்மா அசையவேயில்லை. “வீட்டை விட்டுப் போனா அந்த மனிசன் எங்க வந்து தேடும்?” சித்தப்பாவின் சட்டைப் பையில் முன்கதவுத் திறப்பு இருந்ததாம். அதனால் பூட்டை மாற்ற விடமாட்டார். துருப்பிடித்த பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விட்டு விட்டு, இரண்டு கையாலும் திருகித்தான் திறப்பார். கூரைக்கு ஓடு மாற்றிய வருடமும் அந்தப் பூட்டு அப்படியே இருந்தது.

எய்லிஷுக்கும் லாரி வருவான் என்ற எண்ணம். நினைவு தப்பிக்கொண்டிருக்கும் அப்பா வேறு. நம்பும்படி இல்லை என்கிறீர்கள். நான் அந்த நாவலை முழுசாக நம்பியதே அவள் போகாமல் இருந்ததால்தான்.

கே: ஆட்சியைப் பிடித்தவர்களின் கொள்கை என்ன, ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று ஆசிரியர் சொல்லவேயில்லை. இது குறை இல்லையா? – வாசகர், காத்தான்குடி

ப: குறைதான். அங்கே ஆட்களைப் பிரிப்பது கட்சி. நமக்கு அவ்வளவு லேசாக இருக்கவில்லை. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி உங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களைச் சுட்டார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து தமிழர் 158 பேரைக் கொண்டுபோனார்கள். இடையில் ஒரு மாதம் சொச்சம்தான். சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் கடை போட்டிருந்த தமிழரும் முஸ்லிம்களும் பிறகு முகம் பார்த்துப் பேச எத்தனை வருடம் பிடித்தது! அந்தக் கசப்பு லிஞ்ச்சிடம் இல்லை. அதை எழுத இங்கிருந்துதான் ஆள் வரவேண்டும். நீங்கள் எழுதுகிறீர்களா?

கே: உயர்தரம் படிக்கும் மகளுக்குக் கொடுக்கலாமா? – ஒரு தாய், திருக்கோவில்

ப: கொடுங்கள். கடைசிப் பகுதியில் பிணவறை ஒன்று வரும், அதை மட்டும் நீங்கள் முதலில் வாசித்துவிடுங்கள். எதற்கும் சோதனை முடியட்டும். பாருங்கள், எனக்கும் அம்மாவின் வாய்தான்.