ஐம்பதுக்கு மேல் ஹாக்கி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எனக்கு 52 வயது. கல்லூரி அணிக்காக 1994 வரை மண் மைதானத்தில் ஆடியிருக்கிறேன். மூத்த ஆட்டக்காரர்களுக்கான மாஸ்டர்ஸ் உலகக் கோப்பையில் ஆட என்ன வழி?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

‘வேர்ல்ட் மாஸ்டர்ஸ் ஹாக்கி’ நடத்தும் போட்டி அது. 35 வயதில் தொடங்கி ஐந்தைந்து வருடமாகப் பிரிவுகள் போகின்றன. ஆண்களுக்கு 80-க்கு மேலும் பிரிவு உண்டு. இத்தனை பிரிவுகளும் ஒரே ஊரில் அடங்காது என்பதால் 2022-ல் நாட்டிங்ஹாம், கேப் டவுன், டோக்கியோ என்று மூன்று இடத்திலும், 2024-ல் கேப் டவுன், ஆக்லாந்து என்று இரண்டு இடத்திலும் நடத்தினார்கள்.

தனி ஆளாகப் பெயர் கொடுத்து ஆட முடியாது. நாட்டு அணியில் இடம் பிடிக்க வேண்டும். முதல் படி உங்கள் மாவட்ட, மாநில ஹாக்கிச் சங்கம்தான். தேசிய ஹாக்கிச் சங்கமான ஹாக்கி இந்தியாவின் முதல் மாஸ்டர்ஸ் கோப்பை 2025 ஜூனில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் நடந்தது. ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 35 என்பது அதில் குறைந்தபட்ச வயது.

இப்போதே பார்க்க வேண்டியது ஒன்று. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுவிட்ட பிறந்த தேதி ஒன்று, பாஸ்போர்ட்டில் இருப்பது வேறு என்றால் உடனே சரிசெய்யுங்கள். வயதுப் பிரிவுக்குப் பாஸ்போர்ட்தான் சான்று. செலவுக்கும் தயாராக இருங்கள்: விமானம், தங்குமிடம், ஜெர்சி எல்லாம் பெரும்பாலும் ஆடுகிறவர் கைக்காசுதான்.

முப்பது வருடம் கழித்து ஸ்டிக்கைத் தொடப் போகிறேன். விதிகள் ரொம்ப மாறிவிட்டதாகச் சொல்கிறார்களே?
– ஒரு வாசகர், திருச்சி

ஆமாம். மூச்சு வாங்குவதைவிடப் பழைய ஞாபகம்தான் உங்களை அதிகம் தோற்கடிக்கும்.

முதலில் ஆஃப்சைடு, அதாவது தடுப்பவர்களைத் தாண்டி கோல் பக்கம் நிற்கும் ஃபார்வர்டு பந்தை வாங்கக் கூடாது என்ற விதி. 1996-ல் சோதனையாக எடுத்தார்கள், 1998-ல் நிரந்தரமாகப் போய்விட்டது. பின்வரிசையில் ஆடியவர்களுக்கு ஒரு அடி முன்னே வந்து எதிராளியை ஆஃப்சைடில் மாட்டிவிடும் பழக்கம் இருக்கும். இன்று அப்படி வந்தால், அந்த ஃபார்வர்டு உங்கள் கோல் கீப்பர் பக்கத்திலேயே நின்று பந்தை வாங்கித் தட்டிவிடுவார். பின்னால் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும்.

அடுத்தது செல்ஃப் பாஸ், 2009-ல் வந்தது. விசில் ஊதியதும் ஃப்ரீ ஹிட் எடுப்பவர் தானே பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடலாம். நம் ஆட்கள் விசில் கேட்டதும் முதுகைத் திருப்பி நடப்பார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் எதிராளி பத்து மீட்டர் தாண்டியிருப்பார். விசில் சத்தத்தோடு முகம் பந்தைப் பார்க்க வேண்டும், கால் 5 மீட்டர் பின்வாங்க வேண்டும். எதிரணியின் 23 மீட்டர் கோட்டுக்குள் கிடைக்கும் ஃப்ரீ ஹிட்டை நேரே ‘டி’க்குள் (கோலுக்கு முன்னுள்ள அரைவட்டம்) அடிக்கவும் முடியாது. பந்து 5 மீட்டராவது நகர்ந்திருக்க வேண்டும், அல்லது தடுக்கும் அணியின் ஆள் தொட்டிருக்க வேண்டும்.

முப்பத்தைந்து நிமிடப் பாதிகள் போய், சர்வதேச ஆட்டங்கள் 15 நிமிடமாக நான்கு கால்பகுதிகள் ஆகிவிட்டன. மூத்த பிரிவுகளில் நேரத்தைக் குறைப்பதும் உண்டு. அந்தந்தப் போட்டியின் விதித்தாளைப் படியுங்கள். பச்சை அட்டைக்கு 2 நிமிடம் வெளியே, மஞ்சளுக்குக் குறைந்தது 5. ஸ்டிக்கின் விளிம்பால் ரிவர்ஸில் (ஸ்டிக்கைத் திருப்பி, இடது பக்கத்தில்) அடிக்கலாம், ஃபோர்ஹேண்டில் (வலது பக்கத்தில்) ஓங்கி அடிக்கக் கூடாது.

பழைய மர ஸ்டிக்கைப் பரணிலிருந்து இறக்க வேண்டாம். கார்பன் அதிகமுள்ள ஸ்டிக்கும் வேண்டாம். அது விறைப்பு, வேகமாக வரும் பந்து பட்டுத் தெறித்துவிடும், முழங்கையும் அதிரும். கார்பன் குறைவாக, ஃபைபர் கிளாஸ் கூடுதலாக உள்ளதை வாங்குங்கள்.

போட்டிக்கு மூன்று மாதம் இருக்கிறது. கால் தசை கிழியாமல் தயாராவது எப்படி?
– ஒரு வாசகி, மதுரை

முதல் வேலை ஈசிஜியும் டிரெட்மில் பரிசோதனையும். மருத்துவர் சரி என்ற பிறகுதான் மற்றது.

ஐம்பதைக் கடந்தவர்களுக்கு முதலில் போவது கெண்டைக்கால், அடுத்து தொடையின் பின்தசை. மண்ணில் கால் கொஞ்சம் சறுக்கிக் கொடுக்கும். டர்ஃப் எனும் செயற்கைப் புல்தரை ஷூவைப் பிடித்துக்கொள்வதால் திரும்பும் விசை முழுவதும் முழங்காலுக்கும் கெண்டைக்கும் ஏறும்.

மாடிப்படி விளிம்பில் முன்பாதம் மட்டும் பதிய நில்லுங்கள். இரண்டு காலாலும் எழும்பி, ஒரே காலில் மூன்று எண்ணும் நேரம் மெதுவாக இறங்குங்கள். ஒரு காலுக்கு 12 முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பின்தசைக்கு, முட்டி போட்டு நின்று, கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து முன்னால் மெல்லச் சாயுங்கள். தாங்க முடியாதபோது கையை ஊன்றிவிடலாம். வாரம் இருமுறை, ஐந்தைந்தாக இரண்டு சுற்று போதும்.

ஓட்டம்: முதல் 4 வாரம் வேக நடையும் மெது ஓட்டமும். அடுத்த 4 வாரம் 20 மீட்டர் ஓட்டங்கள், முக்கால் வேகத்தில். கடைசி 4 வாரம் முழு வேகம், குனிந்து ஸ்டிக்கோடு, திசை மாற்றி. முதல் வாரத்திலேயே முழு வேகத்தில் ஓடிப் பார்ப்பவர்கள்தான் நொண்டிக்கொண்டு வருகிறார்கள். ஓடும்போது யாரோ பின்னால் இருந்து உதைத்த மாதிரி கெண்டையில் சுரீரென்றால் நிறுத்திவிடுங்கள். குதிகால் தசைநார் அறுந்திருக்கலாம். தைலம் தேய்த்துப் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்ணாடி போட்டு ஆடலாமா?
– ஒரு வாசகர், சேலம்

மெத்தென்ற ஓரமும் பிளாஸ்டிக் லென்ஸும் உள்ள விளையாட்டுக் கண்ணாடி என்றால், மருத்துவக் காரணம் இருந்தால் அனுமதி உண்டு. தினமும் போடும் உலோக ஃபிரேம் கூடாது. லென்ஸ் தூரப்பார்வைக்கு மட்டும் இருக்கட்டும். பைஃபோகலிலும் புரோகிரெசிவிலும் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. காலடிக்கு வரும் பந்தை நீங்கள் பார்ப்பது அந்தப் பாதி வழியாகத்தான். பந்து மங்கி, தள்ளித் தெரியும், ஸ்டிக்கில் நிற்காமல் போகும், கை போய்விட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். ஊக்கமருந்து சோதனையில் சிக்கல் வருமா?
– ஒரு வாசகர், சென்னை

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று நிற்கும் பிரஷர் மாத்திரைகள் பலவற்றில் ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்திருக்கும். அதுவும் குளோர்தாலிடோனும் சிறுநீர் பெருக்கிகள், வாடாவின் (உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) தடைப் பட்டியலில் உள்ளவை. இன்சுலினும் பட்டியலில் இருக்கிறது. அம்லோடிபின் இல்லை. அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்து, மருத்துவரிடம் மாற்று கேளுங்கள். மாற்ற முடியாதென்றால் சிகிச்சைக்கான விலக்குச் சான்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். வெயிலில் ஆடும்போது சிறுநீர் பெருக்கி உடம்பின் நீரை இன்னும் இழுக்கும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

எங்கள் அணி மேலாளர் நல்ல ஆட்டக்காரர்களைக் கடைசி வரை களத்திலேயே வைத்திருக்கிறார். சரியா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

சரியில்லை. 18 பேரில் இரண்டு கோல் கீப்பர் போக 16 பேர். களத்தில் 10 இடம், 60 நிமிடம்: மொத்தம் 600 நிமிடத்தை 16-ஆல் வகுத்தால் ஆளுக்கு முப்பத்தேழரை. மாற்றத்துக்கு எண்ணிக்கை வரம்பே இல்லை. பெனால்டி கார்னர் (‘டி’க்குள் செய்யும் தவறு போன்றவற்றுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) கொடுத்ததும் அது முடியும் வரை மட்டும் கூடாது. ஃபார்வர்டுகளை ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், பின்வரிசையைக் கால்பகுதி இடைவேளையில். யார் யாருக்குப் பதில் என்று ஜோடி ஜோடியாக முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் பெஞ்சில் சண்டை வராது.