சீரியல் செட்டிலிருந்து கச்சேரி மேடைக்கு: கன்சோல் கோர்ஸ் கட்டாயமா?

கேள்வி: ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு மூன்று வருடமாக ஊர்த் திருவிழாக்களில் சீரியல் செட், ரேடியோ செட் கட்டும் அண்ணன் ஒருவரோடு வேலை பார்க்கிறேன். சினிமாப் பாடகர்கள் வரும் பெரிய கச்சேரிகளில் லைட்டிங் டெக்னீஷியனாக வேண்டும் என்று ஆசை. லைட்டிங் கன்சோல் பயிற்சி தருகிறோம் என்று ஓரிடத்தில் பெரிய தொகை கேட்கிறார்கள். கடன் வாங்கிச் சேரலாமா? (24 வயது வாசகர், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: கடன் வாங்கிச் சேர வேண்டாம். மேடை லைட்டையெல்லாம் ஓரிடத்திலிருந்து இயக்கும் பலகைதான் கன்சோல். அதன் முன்னால் உட்காருபவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். காலையிலிருந்து கேபிள் இழுத்து, லைட் மாட்டி, எரியாததை எரியவைக்கிறவர்கள் பத்துப் பேர். ஆள் தட்டுப்பாடு எப்போதும் அந்தப் பத்துப் பேரில்தான். அங்கே நுழைய உங்கள் ஐ.டி.ஐ. போதும்.

கரண்டில் உங்களுக்கு இருக்கும் அறிவு, கோர்ஸ் முடித்து வரும் பல பேருக்குக் கிடையாது. ஒரு கிலோவாட் பழைய பார் (PAR) லைட் 230 வோல்ட்டில் நாலேகால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலேயே இழுக்கும். எல்இடி பார் ஒரு ஆம்பியர்கூட இழுக்காது. எந்த ஃபேஸில் எவ்வளவு போட்டிருக்கிறோம் என்ற கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு திருவிழாவில் ஜெனரேட்டர் பக்கம் நியூட்ரல் கழன்றுவிட்டது. மூன்று ஃபேஸுக்கும் நடுவில் நங்கூரம் மாதிரி நிற்பது நியூட்ரல்தான். அது போனால் லோடு குறைவாக உள்ள ஃபேஸில் வோல்டேஜ் 230-இலிருந்து 400-ஐ நோக்கி ஏறும். அன்றைக்கு அரை நிமிடத்துக்குள் ஒரு வரிசை லைட் முழுக்கப் புகைந்தது. அதிலிருந்து நியூட்ரலை என் கையால் முறுக்கிப் பார்த்து, மீட்டர் வைத்து, எர்த்தும் பார்த்த பிறகுதான் மெயினைப் போட விடுவேன். உங்களிடம் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் தகுதிச் சான்றிதழ் இல்லையென்றால், கோர்ஸுக்கு முன்னால் அதை வாங்கப் பாருங்கள்.

புதிதாகக் கற்க வேண்டியது டிஎம்எக்ஸ். கன்சோல் சொல்வதை லைட்டுக்குக் கொண்டுபோகும் லைன் அது. லைட்டின் வெளிச்சம், நிறம், அசைவு என்று ஒவ்வொன்றையும் இயக்க ஒரு சேனலாவது வேண்டும். ஒரு லைனில் 512 சேனல். இதை ஒரு யுனிவர்ஸ் என்பார்கள். நம் மேடைகளில் சுற்றிச் சுழலும் பீம் லைட்டை எல்லோரும் ஷார்பி என்பார்கள். அது இத்தாலியக் கம்பெனி ஒன்றின் மாடல் பெயர், ஆனால் எந்தக் கம்பெனி லைட் வந்தாலும் நமக்கு ஷார்பிதான். அதை 16 சேனல் மோடில் வைத்தால் முதல் லைட்டின் அட்ரஸ், அதாவது அது ஆரம்பிக்கும் சேனல் எண், 1, அடுத்தது 17, அப்புறம் 33. இப்படியே போனால் 32-ஆவது லைட் 497-இல் ஆரம்பித்து 512-இல் முடியும். 33-ஆவது லைட்டுக்கு அடுத்த யுனிவர்ஸ். ஒரே லைனில் 32 கருவிக்கு மேல் கோக்கவும் கூடாது. நான் இருபதுக்குள் நிறுத்தி, லைனைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் வைத்துவிடுவேன்.

டிஎம்எக்ஸ் லைனில் வரும் தகராறில் பாதி, டிஎம்எக்ஸ் கேபிளுக்குப் பதில் மைக் கேபிளைப் போடுவதால் வருவது. 3 பின் கனெக்டர் இரண்டுக்கும் ஒன்றுபோல இருப்பதால், அவசரத்தில் யாராவது மைக் கேபிளை நடுவில் சொருகிவிடுவார்கள். நாலு லைட் வரை ஒழுங்காக ஓடும். லைன் நீண்டால் டேட்டா முட்டித் திரும்பி வரும், லைட் தானாக ஆடும், சிமிட்டும். ஆபரேட்டர் கன்சோலைத் திட்டிக்கொண்டிருப்பார். டிஎம்எக்ஸ் கேபிளையே போட்டு, கடைசி லைட்டில் 2, 3 பின்களுக்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த டெர்மினேட்டரைச் சொருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். நாலைந்து டெர்மினேட்டரை நீங்களே பற்றவைத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாளே உங்கள் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கன்சோலை வீட்டிலேயே பழகலாம். கிராண்ட்எம்ஏ3 என்ற கன்சோலின் கம்ப்யூட்டர் பதிப்பு இலவசம். மேடையை 3டி-யில் காட்டும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. அவோலைட்ஸ் கம்பெனி கன்சோல்களில் ஓடும் டைட்டன் மென்பொருளுக்கும் அப்படி ஒன்று உண்டு. நம் பக்கம் அவோலைட்ஸ் புழக்கம் அதிகம் என்பதால் அதில் ஆரம்பிக்கலாம். ஆறு மாதம் இப்படிப் பழகிய பிறகும் கோர்ஸ் தேவை என்று தோன்றினால் அப்போது பணம் கட்டுங்கள்.

உயரத்து வேலைக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். லைட் மாட்டும் உலோகச் சட்டமான ட்ரஸை ஏற்றுவது, அதற்கென்று பழகிய ரிக்கரின் வேலை. விழாமல் பிடிக்கும் ஹார்னெஸ் பெல்ட் தராமல் "சும்மா ஏறு தம்பி" என்று சொல்கிற இடத்தில் ஏறாதீர்கள். ஒவ்வொரு லைட்டுக்கும் கிளாம்ப் போக ஒரு சேஃப்டி வயர் இருந்தாக வேண்டும். திறந்த மைதானமென்றால் காற்றுக்கு பயப்படுங்கள். 2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலச் சந்தையில், கச்சேரி தொடங்கக் காத்திருந்த கூட்டத்தின் மேல் காற்றில் மேடைக் கூரை சரிந்து 7 பேர் இறந்தார்கள். காற்று ஏறினால் யார் நிறுத்தச் சொல்வது, யார் ட்ரஸை இறக்குவது என்று காலையிலேயே கேட்டு வையுங்கள். பதில் இல்லாத குழுவில் நான் வேலை செய்வதில்லை.

இன்னொன்று, சபா கச்சேரி வேலை வந்தால் சின்னது என்று விடாதீர்கள். அங்கே வித்தை காட்ட ஒன்றுமில்லை. பாடகர் முகத்தில் கண் கூசாத வெள்ளை வெளிச்சம் இரண்டரை மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சூடான லைட்டை மிருதங்கத்தின் பக்கம் திருப்பினால் தோல் இறுகி சுருதி ஏறும், தொப்பி என்கிற இடப்பக்கத்தில் ஒட்டிய ரவை காய்ந்துவிடும். வித்வான் உங்களைப் பார்க்கும் பார்வையிலேயே தெரிந்துகொள்வீர்கள்.

சம்பளம் நாள் கணக்கு. காலை ஏழுக்கு லாரி இறக்கினால், கச்சேரி முடிந்து லைட்டை ஆறவிட்டு, பெட்டியில் போட்டு மறுபடி லாரி ஏற்ற விடிகாலை மூன்றாகும். அது ஒரு நாளா, ஒன்றரை நாளா, பேட்டா தனியா, ஊர் திரும்பும் பஸ் காசு யாருடையது என்பதையெல்லாம் போவதற்கு முந்தின நாளே வாட்ஸ்அப்பில் எழுதி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.